பிரிஸ்டலுக்கு ஒரு ராத்திரி வந்து போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கும், 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டென்னசி மாநிலத்து பிரிஸ்டலுக்கு வந்திருந்தீர்கள். கார்ப் பந்தயத் திடலின் நடுவே மைதானம் போட்டு, அட்லாண்டா பிரேவ்ஸையும் சின்சினாட்டி ரெட்ஸையும் ஆட வைத்தீர்கள். 91,032 டிக்கெட் விற்றது. வழக்கமான சீசனில் ஒரே ஆட்டத்துக்கு இத்தனை டிக்கெட் விற்றதே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டீர்கள். மழை பெய்து முதல் இன்னிங்ஸிலேயே ஆட்டம் நின்று, மிச்சத்தை மறுநாள் முடித்தீர்கள். மழைக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். டென்னசியில் நடந்த முதல் மேஜர் லீக் ஆட்டம் என்பதும் உண்மைதான், நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்த ஒளிபரப்பையும் விளம்பரங்களையும் பார்த்தவர்கள், பேஸ்பால் இந்த மலைப்பக்கத்துக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து இறங்கியது என்றே நினைத்திருப்பார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியா பிரிஸ்டலில், டிவால்ட் மைதானம் இருக்கிறது. 2019 கோடை வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரூக்கி அணி, அதாவது புதுமுக வீரர்களின் அடிமட்ட அணி, அங்கே ஆடியது. அதை மூடியது யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020-ல் மைனர் லீக்குகளோடு (உங்கள் அணிகளுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் கீழ்நிலை லீக்குகள்) இருந்த பழைய ஒப்பந்தம் முடிந்ததும், அவற்றின் 160 அணிகளை 120 ஆக்கினீர்கள். பிரிஸ்டல் அணி ஆடிய, இந்த மலைப்பக்கத்து அப்பலாச்சியன் லீகின் 10 ஊர்களும் மொத்தமாக அந்தக் கணக்கில் போயின. கோவிட் காரணமாக 2020 சீசனே நடக்காததால், கடைசி ஆட்டம் கடைசி ஆட்டம் என்று தெரியாமலேயே முடிந்து போயிருந்தது. யாருக்கும் கைதட்டி விடை கொடுக்கக்கூட வாய்ப்பில்லை.

இந்த முடிவு பற்றி 2019 நவம்பரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு உங்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவர்கள் நல்ல ஆங்கிலத்தில் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை. நான் தமிழில் எழுதுவதால் புதிதாக என்ன நஷ்டம்?

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மைனர் லீக் அணிகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இப்போதைய 10 ஆண்டு உரிமங்கள் 2030-ல் முடிகின்றன. அப்போது அப்பலாச்சியன் லீக் ஊர்களுக்கு, சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள் ஆடும் அணிகளைத் திருப்பிக் கொடுங்கள்.

"அங்கே இன்னமும் பேஸ்பால் நடக்கிறதே" என்பீர்கள். நடக்கிறது. கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு கோடைக்கால லீக் அமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பெயர்களும் புதிது. பிரிஸ்டல் ஸ்டேட் லைனர்ஸ், கிங்ஸ்போர்ட் ஆக்ஸ்மென், ஜான்சன் சிட்டி டோபாய்ஸ். வட கரோலைனாவின் பர்லிங்டனுக்கு சாக் பப்பெட்ஸ் என்றே பெயர். பையன்கள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஹாட் டாக் அதேதான். இன்னிங்ஸ் இடைவெளியில் மட்டையைத் தரையில் ஊன்றி, நெற்றியை அதன் மேல் வைத்துப் பத்துச் சுற்று சுற்றிவிட்டுத் தள்ளாடி ஓடும் பந்தயமும் அப்படியே இருக்கிறது. போன ஒன்று மட்டும் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான் வழக்கமாக உட்காரும் மூன்றாவது பேஸ் பக்கத்துப் படிகளில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, ஸ்கோர் புத்தகத்தை முழங்காலில் விரித்துவிடுவார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தின் கணக்கு வழக்கைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். மட்டையை வீசி ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆனவனுக்குக் கே என்ற எழுத்து. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவனுக்கு அதே எழுத்து இடம் வலம் மாறி. இதெல்லாம் எல்லோரும் செய்வது. அவர் கூடுதலாக ஒன்று செய்வார். மேலே போவான் என்று தனக்குத் தோன்றுகிற பையனின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். அவுட் ஆகிற விதம், பந்தைத் தவறவிட்ட பிறகு அடுத்த பந்துக்கு நிற்கிற நிலை, இவற்றைப் பார்த்துத்தான் புள்ளி விழும். ஹோம் ரன் அடித்தவனுக்கெல்லாம் கிடைத்துவிடாது.

அந்தப் புள்ளிகளோடுதான் அவருடைய குளிர்காலம் கழியும். புள்ளி வாங்கியவன் அடுத்த வருஷம் எந்த ஊருக்குப் போனான், அதற்கடுத்த படி ஏறினானா, தோளில் காயமா, விடுவித்துவிட்டார்களா என்று பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் பட்டியலில் தேடிக்கொண்டே இருப்பார். பெரும்பாலான புள்ளிகள் பாதியில் காணாமல் போகும். அபூர்வமாக ஒன்று மேஜர் லீக் வரை போய்ச் சேரும். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அவர் செலவில் ஐஸ்கிரீம்.

2021 முதல் அவர் புள்ளி வைப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கே போய்த் தேடுவது?" என்றார். இந்த மாணவர்கள் ஜூன் மாதம் வருகிறார்கள், கோடை முடிவதற்குள் கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒருவேளை பிறகு, மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்டில் யாராவது தேர்ந்தெடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எந்த அணியின் ஏணியிலும் அவர்கள் இல்லை. அடுத்த வருஷம் வேறு முகங்கள். ஸ்கோர் மட்டும் இன்னமும் ஒழுங்காக எழுதுகிறார், பழக்க தோஷம்.

இது வெறும் உள்ளூர்க்காரர்களின் ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பேஸ்பால் புகழ்க் கூடத்தில் தொங்கும் வெண்கலத் தகடுகளைப் பாருங்கள். கேல் ரிப்கன் ஜூனியர் 1978-ல் 17 வயதுப் பையனாக அப்பலாச்சியன் லீகின் ப்ளூஃபீல்டுக்கு வந்தார். அந்தக் கோடை முழுக்க ஒரு ஹோம் ரன் கூட அடிக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப்பில் நின்று பந்துகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடியதை உலகமே பார்த்தது. அவர் தடுமாறியதைப் பார்த்தவர்கள் ப்ளூஃபீல்டுக்காரர்கள்தான். (வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஊரே இலவசமாக எலுமிச்சை ஜூஸ் கொடுக்கும் ஊர் அது. வீரர்களை எப்படிக் கவனித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) 1982-ல் எலிசபெத்டனில் .382 சராசரியில் அடித்து நொறுக்கிய கர்பி பக்கெட், அதே வருஷம் கிங்ஸ்போர்ட்டில் பந்து வீசிய டுவைட் குடன், பிரிஸ்டலில் தொடங்கிய லூ விட்டேக்கர், ஆலன் டிராமல் என்று, தகடு வாங்கியவர்களும் வாங்காதவர்களுமாக இந்தப் பட்டியல் நீளும்.

பிரிஸ்டலைப் பற்றிப் பேசும்போது ரான் நெச்சாயைச் சொல்லாமல் விட முடியாது. 1952 மே 13, பிரிஸ்டல் ட்வின்ஸுக்கும் வெல்ச் மைனர்ஸுக்கும் ஆட்டம். 19 வயது நெச்சாய், வயிற்றுப் புண்ணின் வலியோடு பந்து வீசி, ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை. இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் மொத்தமே 27 அவுட்தான், நடுவில் ஒருவர் தரையோடு அடித்து அவுட் ஆகிவிட்டாரே, கணக்கு இடிக்கிறதே என்பீர்கள். கடைசி இன்னிங்ஸில் மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட, மட்டை பிடித்தவர் அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார்; ஆனாலும் அது ஸ்ட்ரைக்அவுட் கணக்கில் சேரும். அதனால் அந்த இன்னிங்ஸில் மட்டும் நான்கு ஸ்ட்ரைக்அவுட். அதே ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அவரை மேஜர் லீகுக்கு அழைத்துக்கொண்டது. அங்கே ஒரு வெற்றி, ஆறு தோல்வி, அப்புறம் தோள் போய்விட்டது. ஒன்பது இன்னிங்ஸ் தொழில்முறை ஆட்டத்தில் 27 பேரை அப்படி வீழ்த்திய இன்னொருவர் இன்றுவரை இல்லை. அது நடந்த ஊரில்தான் "வரலாறு படைக்கிறோம்" என்று வந்து இறங்கினீர்கள்.

அணிகளைக் குறைத்ததற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் தெரியும். மைதானங்கள் தரமில்லை, பஸ் பயணம் நீளம், வீரர்களின் சம்பளத்தைக் கூட்ட வேண்டும். முதல் இரண்டில் கொஞ்சம் உண்மை உண்டு. சில ஊர்களில் உடை மாற்றும் அறைகளும் விளக்குகளும் மோசமாகத்தான் இருந்தன. சம்பளமும் தங்கும் இடமும் இப்போது மேம்பட்டிருப்பதை மனதார வரவேற்கிறேன், அது வீரர்கள் போராடியும், பிறகு சங்கம் அமைத்தும் வாங்கியது என்ற திருத்தத்தோடு. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசினால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 ஒப்பந்தப்படி அடிமட்ட ரூக்கி வீரருக்கு வருஷத்துக்கு 19,800 டாலர். 10 அணிகள், அணிக்கு 35 பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 70 லட்சம் டாலரைத் தாண்டாது. கிங்ஸ்போர்ட்டில் பல பத்தாண்டுகள் அணி வைத்திருந்த நியூயார்க் மெட்ஸ், 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் தந்தது. அதாவது வருஷத்துக்கு 5.1 கோடி. சோட்டோ நல்ல ஆட்டக்காரர், அவருக்குக் கிடைப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அவருடைய ஒரு வருஷக் கூலியில் இந்த மாதிரி ஏழு லீக் வீரர்களுக்குச் சம்பளம் போடலாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்தச் சம்பளத்தில் கைவைத்துத்தான் விளையாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்ததா?

டிராஃப்டையும் 40 சுற்றிலிருந்து 20 ஆக்கிவிட்டீர்கள். பிற்பாடு புகழ்க் கூடத்தில் இடம்பிடித்த மைக் பியாசா 1988-ல் 62-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். இன்றைக்குப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1922-ல் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லை என்று சொல்லி, போட்டியைக் காக்கும் சட்டத்திலிருந்து உங்களுக்கு விலக்குக் கொடுத்தது. நூறு வருஷமாக அந்தக் குடையின் கீழேதான் நிற்கிறீர்கள். பிரிஸ்டலின் ஸ்டேட் தெருவில் பித்தளை வில்லைகள் பதித்திருப்பார்கள். ஒரு காலை டென்னசியிலும் ஒரு காலை வர்ஜீனியாவிலும் வைத்து நிற்கலாம். அந்த ஊருக்கு வேறு இரண்டு மாநிலங்களிலிருந்து அணிகளைக் கொண்டு வந்து, 91,032 டிக்கெட் விற்று, நாடு முழுக்க ஒளிபரப்பினீர்கள். வணிகம் எதுவும் நடக்கவில்லை, சரிதானே? இதே நீங்கள்தான் 2021 ஆகஸ்டில் அயோவாவின் டயர்ஸ்வில்லில் சோளக்கொல்லை நடுவே ஆட்டம் வைத்து, கிராமத்து பேஸ்பாலின் ஆன்மா என்று உருகினீர்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அதே அயோவாவின் கிளின்டனுக்கும் பர்லிங்டனுக்கும் மேஜர் லீக் தொடர்பை அறுத்திருந்தீர்கள். சோளம் படத்தில் அழகாக வரும், ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிங் கட்டணம், பீர் விலை, ஒரே அணியின் ஆட்டங்களைப் பார்க்க நாலு சந்தா... வேண்டாம், மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

தயவுசெய்து 2030 வரை காத்திருந்து கடைசி நாளில் ஒரு அறிக்கை விடாதீர்கள். இப்போதே இந்த 10 ஊர்களின் நகர மன்றங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மைதானத்தில் என்ன குறை, சரிசெய்ய எவ்வளவு ஆகும், அதில் உங்கள் பங்கு என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள். செலவு முழுவதையும் ஊர் தலையில் கட்டினால், பிரிஸ்டல், ப்ளூஃபீல்டு மாதிரி ஊர்களால் முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். முழு சீசன் வேண்டாம். முன்பு இருந்தது போல ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குறுகிய சீசன் போதும். சம்பளம் வாங்கும், ஏதாவது ஒரு மேஜர் லீக் அணியின் ஏணியில் முதல் படியில் நிற்கும் வீரர்களைத் திருப்பிக் கொடுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்றாவது எண்களோடு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பேச வருவதாக இருந்தால் ஜூலை மாதம் வாருங்கள், ஆட்டம் நடக்கும். டிக்கெட்டை நாங்கள் வாங்கித் தருகிறோம். மூன்றாவது பேஸ் பக்கம் இடம் தாராளமாக இருக்கிறது.

மரியாதையுடன்,
அப்பலாச்சியன் லீகின் ரசிகன் ஒருவன்