கொடைக்கு வரி எழுதும் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது, "குடிக்குச் சிகிச்சை முடிஞ்சு பையன் ஊருக்கு வந்துட்டான், இனி நாங்க என்னடே செய்யணும்?" என்று கேட்டீர்கள். பேருந்து வந்துவிட்டதால், "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் ஊர்த் தம்பியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆற்றங்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அப்படி ஒருவர் இருப்பதால்தான், உங்களுக்கு எழுதுவதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்குக் குடி நின்று ஒன்பது ஆண்டுகள் முடிந்துவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே ஒருமுறை நின்றதும், 41ஆம் நாள் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் அது உடைந்ததும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை முடிந்து பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்மேல் உண்மையிலேயே பிரியம் வைத்திருந்த ஒரு பெரியவர், "ஒரு நாளுதான, சாமிக்குப் படைச்சதுல்லா, பிரசாதம்னு நெனச்சுக்கோ" என்று சொல்லி டம்ளரை நீட்டினார். அதை வாங்கிய கை மறுபடி வெறுங்கையாவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த இரவில் ஊரார் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு மட்டும்தான் எதுவும் இல்லை. குடிக்காமல் இருப்பதை ஒரு வேலையாகக் கருதி விடிய விடிய யாராலும் செய்துகொண்டிருக்க முடியாது.

இரண்டாம் முறை நான் சிகிச்சை முடித்து வந்தது கார்த்திகைக் கடைசியில். மார்கழி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் தெருவில் பஜனை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பஜனைக்கு வரும் பிள்ளைகளை நாலரை மணிக்கு வீடு வீடாகப் போய் எழுப்ப ஓர் ஆள் வேண்டும் என்றும், தனக்கு முட்டுவலி என்றும் சொன்னார், அவ்வளவுதான். நான் எழுப்பாவிட்டால் பன்னிரண்டு பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் திருவெம்பாவை பாட ஆள் இல்லை. நாலு மணிக்கு எழவேண்டுமானால் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கவேண்டும். மதுக்கடை நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறது. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நான் தூங்கியே கழித்தேன் என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். இதையெல்லாம் அந்த ஆசிரியர் கணக்குப் போட்டுச் செய்தாரா, அல்லது அவருக்கு உண்மையிலேயே முட்டுவலியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தை பிறந்ததும் பஜனை நின்றது. மறுபடி வெறும் மாலைகள் வந்தன. பொங்கல் வேறு. திருவள்ளுவர் நாளுக்குக் கடை அடைப்பு என்பதால் முதல் நாளே வாங்கிப் பதுக்கிவைப்பது நம் பக்கத்தில் தனி ஒரு திருவிழா. அப்போது என்னை இழுத்துப் பிடித்தது, யாரும் எதிர்பாராத ஒன்று. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் ஊர்க் குளத்துக்கு வழிகேட்டு வந்தார்கள். நான் கூடவே போனேன். மஞ்சள் மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் அதுவரை கொக்கு என்று ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருந்தவன் நான். கரையில் நின்று எண்ணிச் சொல்லும்போது, என் எண்ணிக்கையை ஒருவர் நம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். குடிகாரன் சொல்லை நம்பி எதையாவது எழுதிக்கொள்ளும் ஆளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கவில்லை.

இதை என் சொந்தக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹண்ட், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிநோயாளிகளுக்கு வேலை தேடிக் கொடுப்பதையும் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதையும் சிகிச்சையின் பகுதியாக்கியதோடு, பழைய மதுக்கடை ஒன்றையே குடியில்லாத மன்றமாக மாற்றி, அங்கே சீட்டாட்டம், இசை, விருந்து எல்லாம் நடத்தினார்கள். குடித்துவிட்டு வந்தவரை அன்றைக்கு உள்ளே விடவில்லை. அந்த வழியில் போனவர்கள் தங்கள் நாட்களில் 14 விழுக்காட்டில்தான் குடித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 79 விழுக்காட்டில் குடித்தார்கள். ஒவ்வொரு தரப்பிலும் எட்டுப் பேர்தான் என்பதால் அந்த எண்களை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். ஆனால் குடியைப் பிடுங்கிய இடத்தில் வேறொன்றை நடவேண்டும் என்பது, நாற்றங்கால் பார்த்த நமக்குப் புரியாத செய்தி அல்ல.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ஊர் செய்யக்கூடியது சிகிச்சைக்குப் பிறகுதான். தினமும் மிகுதியாகக் குடிப்பவரைக் கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் உண்டு, கட்டணம் இல்லை. அதுபோல, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்தும் மாத்திரை கலந்து கொடுக்கும் வேலையை எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். அந்த மாத்திரையின் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

இனி உங்கள் ஊர்க் கொடைக்கு வருகிறேன். சித்திரைக் கடைசிச் செவ்வாய் என்றீர்கள். குடியழைப்பு என்ற சொல்லுக்கு நம் இளவட்டங்கள் வேறு பொருள் கண்டுபிடித்து வெகுநாள் ஆகிறது. அம்மனை அழைக்கும் சடங்கு என்பது வில்லுப்பாட்டுக்காரருக்கும் உங்களுக்கும்தான் நினைவிருக்கிறது. கொடையில் குடியே இருக்கக்கூடாது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை; சொன்னாலும் நடக்காது. சுடலைக்குப் படைக்கும் பாட்டிலை நிறுத்தச் சொல்வதும் என் வேலை அல்ல. படைத்ததைப் பீடத்திலேயே ஊற்றிவிட்டு, பங்கு வைக்காமல் இருக்க முடியுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.

அந்தத் தம்பிக்கு முதல் கொடை இது. சாமக்கொடைக்கு அவர் பந்தலில் இருக்கவே வேண்டாம். மதியக்கொடைச் சாப்பாட்டுக்கு, சமையல் நடக்கும் ஆக்குப்புரையின் சாமான் கணக்கைக் கொடுத்துவிட்டு, பொழுது சாயுமுன் முக்கூடலில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மேடையேற்றி, திருந்திய பிள்ளை என்று துண்டு போடாதீர்கள்; பிறகு ஒருநாள் சறுக்கினால், ஊர் முகத்தில் விழிக்க முடியாமலேயே அவர் மறுபடி முழுக்க மூழ்கிவிடுவார். முதல் ஆறு மாதம் ரொக்கப் பணத்தையும் கையில் கொடுக்கவேண்டாம். அது அவநம்பிக்கை ஆகாது. பெட்டிச் சாவி கையில் இருந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். சறுக்கிவிட்டால் அபராதமோ ஊர்க்கூட்டமோ வேண்டாம். குடித்த அன்று அனுப்பிவிடுங்கள். தெளிந்த மறுநாள் அதே வேலைக்குக் கூப்பிடுங்கள்.

கொடை மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதால் அதற்கு அப்புறம்தான் உண்மையான சிரமம். பீடிச் சுற்றும் வீடுகளில் சம்பளம் வரும் சனிக்கிழமை மாலைதான் மிக மோசமானது. பள்ளி மைதானத்தில் சின்னப் பையன்கள் கபடி ஆடுகிறார்கள். கோடு போடவும் புள்ளி எழுதவும் ஆள் இல்லாமல் தினமும் சண்டை. அந்த நோட்டுப் புத்தகம் அவரிடம் வரட்டும். வரத் தவறினால், கண்டிப்பதற்காக அல்லாமல், ஆட்டம் நிற்கிறது என்று சொல்லிக் கூப்பிட ஒரு பையன் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அவரை நான் அழைத்துப் போகிறேன். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க 1935இல் தொடங்கிய அமைப்பு அது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றைத் தவிர வேறு தகுதியோ கட்டணமோ கேட்கமாட்டார்கள். ஊருக்குத் தெரியாமல் பேசவேண்டியதை அவர் அங்கே பேசிக்கொள்வார். இந்த ஞாயிற்றுக்கிழமை வரிப் பட்டியல் எழுத நீங்கள் உட்காருவதாகக் கேள்விப்பட்டேன். பத்தாம் வகுப்பில் அவர் கையெழுத்து மணிமணியாக இருந்ததாக அவருடைய தாயார் சொன்னார். வரி கட்டும் குடும்பங்கள், அதாவது தலைக்கட்டு, எத்தனை என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் எழுதட்டும். நான் காலை எட்டு மணி பேருந்துக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி