வகுப்பு அவருடையது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்குத் தொண்டு செய்யப் போய் ஆறு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமரத்தடியில் ஒன்றாம் வகுப்பு, தரையில் 117 பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். நானும் 32 வருஷம் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்தவன்தான். 54 பிள்ளைகளுக்கே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இவ்வளவு கூட்டம் ஏன் என்று கேட்டிருந்தாய். 1994-இல் அங்கே தொடக்கக் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே வருஷத்தில் சுமார் 19 லட்சமாக இருந்த பிள்ளைகள் 30 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். பயிற்சி இல்லாதவர்களையும் அவசரமாக ஆசிரியராகச் சேர்த்தார்கள். கட்டடம் அந்த வேகத்துக்கு எழும்பவில்லை. அதற்காகக் கட்டணத்தை எடுத்ததே தப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்தானே உள்ளே வந்தார்கள்.

சரி, ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வேண்டும் என்கிறாயே, அதற்கு வருகிறேன். எனக்கு மனசு வரவில்லை. அந்த டீச்சர் அந்த ஊர் மொழியான சிச்சேவாவில்தான் விளக்குகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ர, ல இரண்டையும் மாற்றி எழுதுவதைச் சொல்லிச் சிரித்தாய். அவர்கள் பேச்சில் அந்த இரண்டும் ஒரே ஒலி போலத்தான். ல, ள, ழ-வோடு நம் பிள்ளைகள் படும் பாட்டை நினைத்துக்கொள். என்ன வேண்டும் என்று முதலில் அந்த டீச்சரைக் கேள். சாக்பீஸ், கரும்பலகைக்குப் பெயின்ட் என்று ஏதாவது சொல்வார். அதற்குப் பணம் அனுப்புகிறேன்.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று உண்டு. என் பள்ளிக்கு ஒருமுறை நகரத்திலிருந்து இரண்டு பேர் தொண்டு செய்ய வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பாட்டு, பொம்மலாட்டம் என்று வகுப்பே கலகலத்தது. நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். அப்புறம் நான் வாய்ப்பாடு சொல்லித்தர எழுந்தால், "அந்த அக்கா எப்ப சார் வருவாங்க?" என்பார்கள். அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்பு என் கைக்கு வரவே இல்லை. அவர்கள் மேல் இன்றும் எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கூடச் சேர்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆசிரியரை அங்கே 'அபுன்சிட்சி' என்று ஒருவரையே பன்மையில் சொல்வார்களாமே! நம் 'ஆசிரியர்' போலத்தான். பிள்ளைகள் முன்னால் நீயும் அவரை அப்படியே கூப்பிடு. அவர் எழுதச் சொன்னதை எழுது, பின்வரிசைப் பிள்ளைகளிடம் போய் உட்கார். உனக்குத் தெரிந்த பாட்டை அவருக்கே சொல்லிக் கொடுத்துவிடு. அவர் பாடட்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை, அறுவடைக்கு முன்னால், வீட்டில் மக்காச்சோள மாவு தீர்ந்துவிடும் மாதங்கள். அப்போது பள்ளியில் காலையில் ஊற்றும் சோயாக் கஞ்சிக்காகவே சில பிள்ளைகள் வரும். அதைக் குறைவாக நினைக்காதே. காமராசர் 1956-இல் தொடங்கிய மதியச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் போனவன்தான் உன் அப்பா.

அந்த மக்காச்சோளக் களி, நிசிமாவுக்கு என்ன தொட்டுக்கொள்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். கொசுவலை கிழியாமல் இருக்கிறதா?

அந்த டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே படிக்கிறார்கள்? கேட்டு எழுது.

அப்பா