நெடுவாக்கில் பார்க்கும் கண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்புக் கணக்கு எனக்கு வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் வருகிறது.

தீக்குச்சிகளை வைத்துச் சதுரம் செய்யச் சொன்னேன். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொன்று வைத்தால் 7, அப்புறம் 10, 13. அட்டவணையைப் பிள்ளைகள் மளமளவென்று நிரப்பிவிட்டார்கள். “மூணு மூணா கூடுது சார்.” சரிதான். 10 சதுரத்துக்கு 31 என்றும் கண்டுபிடித்தார்கள். 20 சதுரத்துக்கு எத்தனை என்றேன். பாதி வகுப்பு 62 என்றது. பத்தின் இருமடங்கு இருபது, அதனால் 31-ன் இருமடங்காம்.

முன்பெல்லாம் நான் உடனே தப்பு என்று சொல்லி, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன். இந்த முறை 2 சதுரத்தையும் 4 சதுரத்தையும் மேசையில் வைத்து எண்ணச் சொன்னேன். 7, 13. ஏன் 14 வரவில்லை? ஒரு பெண் இரண்டு சதுரக் குச்சிகளை இரண்டு தடவை தனித்தனியாக அடுக்கி, இரண்டையும் நகர்த்தி ஒட்டினாள். நடுவில் இரண்டு குச்சி ஒன்றோடொன்று இடித்தன. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “இது ரெண்டு தடவை எண்ணினது சார்” என்றாள். அந்தக் குச்சியை அவள் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. ஒருவன், முதலில் ஒரு குச்சி நிற்கிறது, ஒவ்வொரு சதுரமும் மூன்று கொண்டுவருகிறது என்றான். இன்னொருத்தி மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவே நிற்பது ஒன்று கூடுதல் என்று பிரித்தாள். எண்ணிய வழி வேறு, ஆனால் 100 சதுரத்துக்கு இருவருக்கும் 301. “எத்தனை சதுரமோ அதை மூணால பெருக்கி ஒண்ணு சேர்க்கணும்” என்று வகுப்பே சொன்ன பிறகுதான் ‘ச’ என்ற எழுத்தை எழுதினேன். அதிலும் ஒரு சிக்கல். ‘ச’ என்றால் சதுரம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். சதுரங்களின் எண்ணிக்கை என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குப் பட்டது இதுதான்: அட்டவணையை நாம் வரிசையாகக் கொடுப்பதால் பிள்ளைகளின் கண் நெடுவாக்கில் கீழே இறங்குகிறது. முந்தைய எண்ணோடு மூன்றைக் கூட்டிக் கூட்டிப் போய்விடலாம், இடது பக்கத்தில் இருக்கும் சதுரங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் தேவையே இல்லை. பக்கவாட்டில் பார்த்தால்தான் சார்பு, அதாவது ஒரு எண் இன்னொன்றைப் பொறுத்து மாறும் உறவு, தெரியும். இப்போது 3, 8, 5, 50 என்று தாறுமாறாகத்தான் கொடுக்கிறேன். 100 குச்சியில் எத்தனை சதுரம் என்று திருப்பியும் கேட்கிறேன். 33 என்று சொல்லும்போது அந்த உறவைத் தலைகீழாக ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

1905-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் போன்றவர்கள் ஜெர்மன் பள்ளிகளுக்கு முன்வைத்த மெரான் பாடத்திட்டம், சார்பு வழியில் சிந்திக்கும் பழக்கத்தைக் கணக்குக் கல்வியின் மையத்தில் வைத்தது. அது உயர்நிலைப் பள்ளிகளுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் விதை ஆறாம் வகுப்பிலேயே ஊன்ற முடிகிறது, அதுவும் சூத்திரம் எதுவும் இல்லாமல்.

நேற்று இதையே வரைபடத் தாளில் குறித்தோம். புள்ளிகள் நேராக நின்றன. ஒரு பையன் அளவுகோலை எடுத்துக் கோடு போடப் போனான். இரண்டரைச் சதுரத்துக்கு எத்தனை குச்சி என்றேன். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் மெழுகுவர்த்தி ஏற்றி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் உயரத்தை அளக்கப் போகிறோம். அங்கே கோடு போடலாமா என்று அவனிடமே கேட்க ஆசை. நீ எட்டாம் வகுப்பில் இதையெல்லாம் எப்படித் தொடங்குகிறாய்? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்