எம்டனை வீழ்த்திய கேப்டன் கிளாசப்பின் கதையையும் சொல்லுங்கள்

சென்னையின் வரலாற்றைப் பேசியும் எழுதியும் வரும் ஆர்வலர்களுக்கு,

அன்புடையீர், வணக்கம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 22 நெருங்கும்போது, 1914ஆம் ஆண்டின் அந்த இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கதையைத் தவறாமல் நினைவூட்டி வருகிறீர்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் உள்ள நினைவுக் கல்லைப் பலருக்கும் காட்டியவர்கள் நீங்கள்தாம். பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக வெளியேற்றிய பிறகே அக்கப்பல்களை மூழ்கடித்த கேப்டன் கார்ல் ஃபான் முல்லரைப் பாராட்டுகிறீர்கள். அந்தப் பாராட்டு அவருக்குத் தகும். ஆனால் கதையின் முடிவுக்கு வரும்போது, “பிறகு சிட்னி என்ற கப்பல் அதை அழித்தது” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள். அந்தக் கப்பலை நடத்தியவரின் பெயரைக்கூட நம் மேடைகளில் கேட்க முடிவதில்லை என்பதே இம்மடலை எழுதக் காரணம்.

அவர் பெயர் ஜான் காலிங்ஸ் டாஸ்வெல் கிளாசப். 1871இல் இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாமில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆஸ்திரேலியா தனக்கென ஒரு கடற்படையை உருவாக்கியபோது, 1913 ஜூனில் போர்ட்ஸ்மத்தில் பணியில் சேர்க்கப்பட்ட ‘சிட்னி’ என்ற புதிய குரூசர் (விரைவுப் போர்க்கப்பல்) அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை அவரது பணிவாழ்வில் பெரும் கடற்போர் எதுவும் இல்லை.

1914 நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பெரும் கப்பல் தொகுதிக்குச் சிட்னியும் காவலாகச் சென்றது. நவம்பர் 9 காலையில், இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்திலிருந்து அறியாத கப்பல் ஒன்று வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தி கிடைத்தது. காவல் பொறுப்பிலிருந்த மெல்பர்ன் கப்பலின் கேப்டன் சில்வர், தாமே போக விரும்பியும் தொகுதியை விட்டு விலகலாகாது என்று முடிவுசெய்து, தீவுக்கு அருகிலிருந்த சிட்னியை அனுப்பினார். அடுத்து நடந்த சண்டையைச் சமபலமுள்ளோரின் மோதலாக யாரும் சித்திரிக்க வேண்டியதில்லை. சிட்னியின் பீரங்கிகள் 15.2 சென்டிமீட்டர் விட்டமுடையவை, எம்டனுடையவை 10.5 மட்டுமே. வேகத்திலும் சிட்னியே மேல். ஆயினும் எம்டனின் தொடக்கச் சூடுகள் வியக்கத்தக்க துல்லியத்தோடு விழுந்து, தொலைவைக் கணிக்கும் கருவியைச் சேதப்படுத்தி, ஆட்களையும் பலிகொண்டன. அதன்பின் தம் பீரங்கிகளின் அனுகூலத்தைப் பெறும்பொருட்டு இயன்றவரை விலகியே நின்றதாகக் கிளாசப் தமது அறிக்கையில் மறைக்காமல் எழுதினார். அதே அறிக்கையில், பயிற்சி முடியாத இளைஞர்கள் பலர் இருந்தும் தம் ஆட்கள் சிறப்பாக நடந்துகொண்டார்கள் என்று பெருமைப்பட்டார். வெற்றியைத் தம் வீரமாக ஊதிப் பெருக்காத அந்த எழுத்துதான் அவர்மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

நீங்கள் அவசியம் பேச வேண்டியது அன்று பிற்பகலைப் பற்றி. சிதைந்த எம்டனை முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளத்திட்டில் மோதி நிறுத்திய பிறகு, கிளாசப் அதன் நிலக்கரிக் கப்பலான பியூரெஸ்க்கைத் துரத்திச் சென்றார். அது சொந்த ஆட்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. மாலை நான்கு மணியளவில் அவர் திரும்பி வந்தபோதும் எம்டனின் கொடிமரத்தில் ஜெர்மானியக் கொடி பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறீர்களா என்று கொடிக்குறியால் கேட்டார். தம்மிடம் குறியீட்டுப் புத்தகம் இல்லை என்று எம்டன் பதிலளித்தது. மீண்டும் கேட்டதற்குச் சரியான மறுமொழி வரவில்லை. போர் விதிப்படி, கொடி இறங்காத கப்பல் இன்னும் போரிடும் கப்பலே. அவர் மீண்டும் சுட ஆணையிட்டார். சில நிமிடங்களில் கொடி இறக்கப்பட்டு வெள்ளைத்துணி காட்டப்பட்டது. ஆனால் அதற்குள், காலைச் சண்டையில் தப்பிய சிலர் மாண்டுபோனார்கள்.

அந்த ஆணையை நான் நியாயப்படுத்தவில்லை. எதிர்த்துச் சுடும் திறனே இல்லாத சிதைவின்மீது இன்னும் சிறிது நேரம் பொறுத்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன். ஆனால் அதைக் கொடூரம் என்று முத்திரை குத்துவதற்கு முன், தந்தி நிலையத்தில் ஜெர்மானியர் இறங்கியிருந்ததையும், வேறு பகைக்கப்பல் அருகில் இருக்கலாம் என்ற ஐயத்தையும், இருட்டுவதற்குள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மறுநாள் அவர் திரும்பிவந்து, மனிதாபிமானத்தின் பெயரால் சரணடையுமாறு முல்லருக்கு மரியாதையோடு கடிதம் அனுப்பினார்; எம்டனில் உயிரோடிருந்தவர்களைச் சிட்னியில் ஏற்றினார். காயமுற்றோர் ஓர் இரவு முழுவதும் மருத்துவமும் தண்ணீரும் போதாமல் தவித்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நவம்பர் 15 அன்று சிட்னி கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தபோது, அங்கே காத்திருந்த கப்பல்களின் தளங்களில் படைவீரர்கள் திரண்டு நின்றார்கள். காயமுற்ற ஜெர்மானியர் கப்பலில் இருப்பதால் யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் அதற்கு இணங்கி அமைதி காத்தார்கள். சொந்தக் கடற்படைக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த கப்பலை வாழ்த்தத் துடித்தவர்களிடம் அவர் அப்படிக் கேட்டதை, முல்லரின் பெருந்தன்மைக்கு நிகராகவே நான் வைப்பேன்.

அதன்பின் அவரது பணிவாழ்வு ஆரவாரமின்றியே சென்றது. பிரிட்டிஷ் அரசின் சி.பி. (கம்பேனியன் ஆஃப் தி பாத்) விருது பெற்றார், சிட்னியோடு அட்லாண்டிக்கிலும் வடகடலிலும் பணியாற்றினார், 1917 முதல் சிட்னி நகரின் கடற்படை நிலையங்களைப் பொறுப்பேற்று நடத்தினார், ஓய்வுக்குப் பின் வைஸ் அட்மிரல் தகுதி பெற்று 1934இல் காலமானார்.

பிரிட்டிஷ் ஆட்சியைச் சென்னையின் கண்முன்னே அதிரவைத்த கப்பல்மீது நம் முன்னோருக்கு ஏற்பட்ட ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஆட்சி மறைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட இன்றும், ஒரு தரப்பில் மட்டும் மனிதர்களைக் காண்பது வரலாறு ஆகாது. எனவே வரும் செப்டம்பரில் நீங்கள் நடத்தும் உரைகளிலும் நடைப்பயணங்களிலும், எம்டனின் முடிவைச் சொல்லும் இடத்தில் கிளாசப்பின் பெயரையும், நவம்பர் 9 மாலை அவர் இட்ட ஆணையையும், கொழும்பில் அவர் விடுத்த வேண்டுகோளையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உரைகளைத் தொடர்ந்து கேட்டுவரும் சென்னைவாசி