பெட்டி பழையது, சரக்கு வேறு: ரிமோட் ஸ்டார்ட்டர் பற்றி ஒரு புகார்

சென்னை
12.05.2025

அனுப்புநர்:
உரிமையாளர்,
கார் உபகரணங்கள் பொருத்தும் கடை,
ராயப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
விற்பனை மற்றும் சேவைப் பிரிவு.

பொருள்: பிப்ரவரியில் வந்த 25 ரிமோட் ஸ்டார்ட்டர்களில் (காரைத் தூரத்திலிருந்தே ஸ்டார்ட் செய்யும் கருவி) செய்த மாற்றத்தை எங்களுக்குத் தெரிவிக்காததும், அதனால் நேர்ந்த விபத்தும்.

ஐயா,

ஏப்ரல் 19, சனிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, அசோக் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஆள் இல்லாத கார் ஒன்று பாய்ந்து போய்த் தூணில் மோதியது. காருக்கும் தூணுக்கும் நடுவே காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அவர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நாற்காலியின் கால் ஒன்று ரேடியேட்டர் கிரில்லுக்குள் செருகிக் கிடந்தது. மற்றதெல்லாம் தூள். அந்தக் காரில் இருந்தது உங்கள் ஸ்டார்ட்டர். பொருத்தியது என் கடை.

மூன்றாவது மாடியிலிருந்து ரிமோட்டை அழுத்தியவர் கார்க்காரர்தான். வெளியே நின்றிருந்த காரை முந்தின இரவு உள்ளே தள்ளி நிறுத்தியவர் அவர் மகன். முதல் கியரில் விட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இழுத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தினாலும் உங்கள் கருவி என்ஜினைத் தொடக்கூடாது. தொடாது என்று நம்பித்தான் உங்கள் பிராண்டை வாங்கினேன்.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சில ஆண்டுகளாகவே வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். 2019-இல் ஹூண்டாய் வென்யூ வந்தபோது போனிலிருந்தே என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடும் வசதி அதில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்வதைப் பார்த்த பிறகு, பழைய கார் வைத்திருப்பவருக்கும் ஆசை வரத்தானே செய்யும்? குளிர்நாடுகளில் உறைபனியில் கிடக்கும் காரைச் சூடாக்க வந்த பொருள் இது. நமக்குக் காரணம் நேர் எதிரானது. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காருக்குள் ஐம்பது டிகிரியைத் தாண்டும். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது.

போன ஆண்டு செப்டம்பரில் மூன்று கம்பெனிகளின் சரக்கை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் ஆயிரம் மீட்டர் தூரம் வேலை செய்யும் என்றார். திறந்த மைதானத்தில் செய்யுமோ என்னவோ, நம் ஊர் கான்கிரீட்டில் நாலாவது மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு எட்டினால் போதும். இன்னொருவர் விலையில் ஆயிரத்து நானூறு ரூபாய் குறைத்தார். அவருடைய ரிலேக்களை, அதாவது உள்ளே இருக்கும் மின் சுவிட்சுகளை, கழற்றிப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஆள் மட்டும்தான் விலைப்பட்டியலுக்கு முன்னால் பையிலிருந்து மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். இங்கே ஓடும் பதினெட்டுக் கார்களுக்கு எந்த வயர் எந்த நிறம், பிரேக் சிக்னலை எங்கே எடுப்பது, கிளட்ச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கையால் வரைந்த படங்கள் அவரிடம் இருந்தன. எங்கள் மேஸ்திரி முப்பது வருட அனுபவக்காரர், யாரையும் லேசில் மதிக்கமாட்டார். அவரே எழுந்து நின்று அந்தப் படங்களைப் பார்த்தார். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

கியர் போட்டு நிறுத்திய மேனுவல் கார் எப்படிப் பாயாமல் இருக்கும் என்று அவர் காட்டிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. என்ஜின் ஓடும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரிமோட்டை அழுத்திவிட்டுச் சாவியை எடுக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிக் கதவைச் சாத்தினால் கருவியே என்ஜினை நிறுத்தும். கடைசியாகக் கார் நின்றது நியூட்ரலில்தான் என்று அதற்கு அப்போது தெரியும். அடுத்த முறை ரிமோட்டில் ஸ்டார்ட் ஆக அதுதான் அனுமதி. நடுவில் ஒரு கதவு திறந்தாலும் அந்த அனுமதி ரத்து. பிறகு ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மட்டும் மினுங்கும், என்ஜின் அசையாது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே கருவி இந்த மேனுவல் நிலையில் இருக்கும் என்றும், ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் மட்டும் பக்கவாட்டில் தெரியும் கறுப்பு வயர் வளையத்தை வெட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். மறந்துபோய் வெட்டாமல் விட்டாலும் ஆட்டோமேட்டிக் கார் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான், ஆபத்து இல்லை. நல்ல மூளை வைத்து யோசித்த ஏற்பாடு அது.

அக்டோபரில் வந்த முதல் 25 பெட்டிகளும் அப்படியே இருந்தன. ஒரு புகார் வரவில்லை. பிப்ரவரியில் அடுத்த 25 வாங்கினேன், ஒன்று 7,800 ரூபாய், பணம் முன்கூட்டியே. அதே பெட்டி, அதே மாடல் எண், அதே விளக்கத்தாள், அதே கறுப்பு வளையம். உள்ளே மட்டும் தலைகீழ். இந்தச் சரக்கில் வளையத்தை வெட்டினால் மேனுவல், வெட்டாவிட்டால் ஆட்டோமேட்டிக். அதனால் வெட்டாமல் விட்ட மேனுவல் காரை அனுமதி இல்லாமலே ஸ்டார்ட் செய்துவிடும். தாளில் பழைய வாசகமே இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பழைய சரக்கில் ஒன்றையும் புதிய சரக்கில் ஒன்றையும் மேசைமேல் திறந்து வைத்து, பன்னிரண்டு வோல்ட் கொடுத்துச் சோதித்தோம். சர்க்யூட் போர்டின் நிறமே வேறு. பழையது பச்சை, புதியது நீலம். நிறம் மாறியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. தாளில் ஒரு வரியை மாற்ற உங்களுக்கு என்ன செலவாகியிருக்கும்?

என் தவறையும் மறைக்கவில்லை. முதல் சரக்கில் ஒவ்வொரு மேனுவல் காரையும் டெலிவரிக்கு முன் சோதித்தோம். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, ஒருவர் கிளட்சை அமுக்கிக்கொண்டிருக்க, இன்னொருவர் அனுமதி தராமல் ரிமோட்டை அழுத்தி, ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா என்று பார்ப்போம். இருபதுக்கும் மேல் சரியாக வந்த பிறகு, கோடைக்கால நெரிசலில் அந்தச் சோதனையை விட்டுவிட்டோம். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பினோம். அதற்காக எங்கள் மேஸ்திரி இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, நான்தான் அவசரப்படுத்தினேன். விபத்து நடந்த அன்று மாலையே இரண்டாம் சரக்கில் பொருத்திய மற்ற பத்துப் பேரையும் அழைத்து, ரிமோட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லி, மூன்று நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். உங்களிடம் வாங்கிய மற்றக் கடைக்காரர்கள் இதைச் செய்தார்களா? அவர்களுக்கு விஷயமே தெரியாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எனக்குத் தெரிந்த இரண்டு கடைகளுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். அது உங்கள் வேலை.

கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. நங்கநல்லூரைச் சேர்ந்த ஒரு பெரியவர், குலதெய்வக் கோயிலுக்குப் போய் ஐந்து நாள் கழித்துத் திரும்பினால் பேட்டரி டவுன் என்று மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். பழைய பேட்டரி என்று நினைத்து அவரைப் புதிது வாங்க வைத்தேன். புதியதும் படுத்துவிட்டது. இப்போது அந்தக் காரைப் பூட்டி, உள்ளே இருக்கும் எல்லாக் கருவிகளும் உறங்க முக்கால் மணி நேரம் விட்டு, நெகட்டிவ் கேபிளில் மீட்டரைக் கோத்துப் பார்த்தோம். 268 மில்லி ஆம்பியர். உங்கள் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கினோம், 28-க்கு இறங்கியது. அதாவது உங்கள் பெட்டி மட்டும் இரவும் பகலும் 240 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறு ஆம்பியர் மணி. அவருடையது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஐந்து நாளில் என்ன மிஞ்சும் என்று உங்கள் பொறியாளர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். முதல் சரக்கு இருபது மில்லி ஆம்பியரைத் தாண்டியதில்லை.

சாவி விஷயத்தையும் விட முடியாது. சாவியில் இருக்கும் சிப்பை உணராமல் கார் ஸ்டார்ட் ஆகாது. முதல் சரக்கில், சாவி இல்லாதபோது அந்தச் சிப் இருப்பதாகக் காருக்கு உணர்த்தும் பைபாஸ் மாட்யூல் பெட்டியிலேயே இருந்தது. இரண்டாம் சரக்கில் அது இல்லை. கேட்டதற்கு உங்கள் புதிய விற்பனைப் பிரதிநிதி, "ஸ்பேர் சாவியை உடைத்துச் சிப்பை ஸ்டீயரிங்குக்குக் கீழே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள் சார், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே இரண்டு சாவிகளையும்தான். ஒன்றை உடைத்து, அதையும் காருக்குள்ளேயே வைத்துத் திருடனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று வாடிக்கையாளர் அங்கே போய்ச் சொல்லவா? நான் மறுத்து, மாட்யூலை வெளியில் தனியாக வாங்கிப் போட்டேன். பதினொரு கார்களுக்கு 16,500 ரூபாய் கைப்பணம்.

இதையெல்லாம் ஏப்ரல் 21 அன்று படங்களோடு மின்னஞ்சலில் எழுதினேன். சேவை மையத்தை அழைத்தபோது, காரை ஒருமுறை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார்கள். கார் பம்பர் இல்லாமல் நிற்கிறது என்றேன். புகார் எண் கொடுத்தார்கள். பதினொரு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "பொருத்தியதில் உள்ள வயரிங் குறைபாடு, உத்தரவாதம் பொருந்தாது." யாரும் வந்து பார்க்கவில்லை. கழற்றிய கருவியை அனுப்பச் சொல்லவும் இல்லை. மல்டிமீட்டரோடு வந்த பழைய ஆளைத் தேடினேன். டிசம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவரோடு அந்தப் பதினெட்டுப் படங்களும் போய்விட்டன போலிருக்கிறது.

உங்கள் விளக்கத்தாளைப் பற்றி ஒன்று. நாற்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். கண்ணாடியில் பனி படிந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் முழுவதும் இருக்கிறது. சென்னையில் கண்ணாடியில் படிவது வேப்பம்பூ. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இங்கே கீழ்த்தளங்களில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. நீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும். மாடியில் இருந்துகொண்டு, காரைக் கண்ணால் பார்க்காமல் பொத்தானை அழுத்தும் பொருளுக்கு அந்த எச்சரிக்கை வேண்டாமா? காற்றோட்டம் இல்லாத கீழ்த்தளத்தில் என்ஜின் கால் மணி நேரம் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதும் எங்கோ 37-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நாங்கள் எங்கள் செலவில் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்து வருகிறோம். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கேட்கமாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கடையில் மிஞ்சியிருக்கும் 14 பெட்டிகளையும் கழற்றிய 11 கருவிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு 1,95,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அசோக் நகர் காரின் பம்பர், கிரில், ரேடியேட்டருக்கு நான் கொடுத்த 31,400 ரூபாய், நங்கநல்லூர் பெரியவரின் பேட்டரி 4,600 ரூபாய், மாட்யூல் செலவு ஆகியவை தனி. பில்கள் எல்லாம் இருக்கின்றன. காவலாளியின் நாற்காலியை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது என் கணக்கில் இருக்கட்டும். பணத்தைவிட முக்கியமானது ஒன்று. நீல போர்டு போன கடைகள் எல்லாவற்றுக்கும் வளையம் மாறிய விவரத்தை நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இந்த வாரமே. இதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஆனால் இது நடக்காமல் பணம் மட்டும் வந்தால் புகாரைத் திரும்பப் பெறமாட்டேன்.

மறுவிற்பனைக்கு வாங்கிய கடைக்காரன் நுகர்வோர் அல்ல என்று உங்கள் வக்கீல் சொல்வார், எனக்கும் தெரியும். கார்க்காரர் நுகர்வோர்தானே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் விளையும் கேட்டுக்குத் தயாரித்தவர், விற்றவர், சேவை செய்தவர் யார் யார் எப்போது பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. சரியான பயன்பாட்டுக் குறிப்பும் எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளரும் அதில் வருகிறார். அவர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் என்னையும் சேர்த்துத்தான் இழுப்பார், இழுக்கட்டும். பச்சை போர்டு ஒன்று, நீல போர்டு ஒன்று, உங்கள் தாள், மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து முதல் இரவு எட்டு வரை கடை திறந்திருக்கும். மே 26-க்குள் ஆள் அனுப்புங்கள். விற்பனைப் பிரதிநிதி வேண்டாம், மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். நங்கநல்லூர் காரை அன்று கடைக்கு வரவழைக்கிறேன், கருவியை மறுபடி மாட்டி அவரே அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உரிமையாளர்