உன் பயணத் திட்டம் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. அக்கா பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அரிசோனாவில் சாண்ட்லரிலிருந்து கிளம்பி கிராண்ட் கேன்யன், பேஜ், மானுமென்ட் வேலி, மோவாப், கேபிடல் ரீஃப், பிரைஸ், சயான் என்று சுற்றி லாஸ் வேகாஸில் முடிகிறது. ஜூலையில், மூன்று வாரம். போன வழியிலேயே திரும்பி வராதபடி போட்டிருக்கிறாய், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேப் பார்ப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் லீவு கொடுக்கிறார்கள் என்றால் நல்ல கம்பெனிதான். அக்கா கல்யாணத்துக்கு உனக்கு ஐந்து நாள்தான் கிடைத்தது. சரி, அதை விடு.

அரிசோனாவிலேயே இருப்பவனுக்கு வெயிலைப் பற்றி அப்பா என்ன சொல்வது என்று நினைப்பாய். 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்ததே, அப்போதும் நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஆபீசுக்கு என்று போய் வந்தாய். அது வெயிலில் இருந்ததாகாது. சேலத்து வெயிலில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பே சொல்லும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். வியர்த்ததே தெரியாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, காரில் எப்போதும் இருக்க வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள். இல்லாவிட்டால் உப்பு போட்ட கடலையாவது வாங்கி வை.

கிராண்ட் கேன்யனில் நீ தங்கப்போகும் தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். ஏற்காட்டைவிட உயரம், ஊட்டியை நெருங்கிவிட்டது. காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், கால் தானாகக் கீழே இறங்கும். அதுதான் வம்பு. நம் மலைகளில் ஏற்றம் முதலில் வரும், முடியாதவன் பாதியிலேயே திரும்பிவிடுவான். அங்கே இறக்கம் முதலில். இறங்க இறங்க வெப்பம் ஏறும், ஆற்றங்கரையில் பாலைவனச் சூடு. ஏறும்போதுதான் தெரியும். கோடையில் ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்பி ஏறாதே என்றும், காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்ளே நடக்காதே என்றும் பார்க்காரர்களே சொல்கிறார்கள். நீ பிரைட் ஏஞ்சல் பாதையில் எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. இறங்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்.

தனியாகவா போகிறாய்? திட்டத்தில் எல்லா அறையும் ஒருவருக்கு என்றே இருக்கிறது. உன் ரூம்மேட் வரவில்லையா? வேலை நாளாக இருந்தால் அவர்களால் வர முடியாதுதான்.

மழையைப் பற்றி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அங்கே மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள், நம் ஊர்ச் சொல்லே. பேஜ் பக்கத்தில் ஆன்ட்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கைப் போட்டிருக்கிறாய். 1997 ஆகஸ்ட் 12 அன்று அங்கே வெள்ளம் வந்து 11 பேர் போய்விட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழையே இல்லை. பல மைல் தள்ளிப் பெய்த மழை, பாறையில் இறங்க வழியில்லாமல், அந்த இடுக்கு வழியாக வந்தது. சயானில் 2015 செப்டம்பரில் கீஹோல் என்ற இடுக்கில் 7 பேர். ஆன்ட்டிலோப்புக்கு இப்போது நவாஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் சயானில் நேரோஸுக்குள் நீயாகத்தான் நடப்பாய், ஆற்றிலேயே. தலைக்கு மேலே நீல வானம் இருக்கிறது என்று நம்பாதே. அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் இறங்காதே. தண்ணீர் கலங்கினால், சுள்ளி மிதந்து வந்தால், செருப்பை எடுக்கக்கூட நிற்காமல் மேடேறு. முப்பது வருஷம் ஆற்றோடு வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

மண் ரோட்டில் இறங்காதே. யூட்டாவில் பல இடங்களில் இருப்பது நம் கரிசலில் இருக்கும் அதே ஜாதிக் களிமண். காய்ந்தால் தார் ரோடு மாதிரி தெரியும், ஒரு மழை விழுந்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஃபோன் மேப் குறுக்கு வழி காட்டினாலும் போகாதே. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதே. தேடுகிறவர்களுக்குக் கார் கண்ணில் படும், ஆள் படமாட்டான். வாடகைக் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு எடு, பல வண்டிகளில் இப்போது வைப்பதே இல்லையாம்.

வாடகைக் கார் என்று பார்த்ததும் அம்மா, போன வருஷம் வாங்கிய கார் என்ன ஆச்சு என்று கேட்டாள். நீண்ட தூரத்துக்கு வாடகை வண்டிதான் லாபம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்ரோலும் அப்படித்தான். கிரீன் ரிவரை விட்டால் ஐ-70 நெடுஞ்சாலையில் சாலினா வரை 100 மைலுக்கு மேல் பங்க் கிடையாது. நீ நடுவிலேயே ஹாங்க்ஸ்வில் பக்கம் திரும்பிவிடுவாய், அந்த ஊர் வரும் வரை அந்த வழியிலும் ஒன்றும் இல்லை. ஆகவே கிரீன் ரிவரில் நிரப்பு. பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பு. தண்ணீரும் நிரப்பு.

இன்னொன்று, கடிகாரம். அரிசோனாவில் கோடை நேரம் மாற்றுவதில்லை, நவாஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள், யூட்டாவிலும் மாற்றுகிறார்கள். பேஜில் ஒரு மணி, நவாஹோ நிலத்தில் இருக்கும் கயென்டாவில் அதே நேரம் இரண்டு மணி. உன் ஃபோன் எல்லையில் முன்னும் பின்னும் குதிக்கும். ஆன்ட்டிலோப்புக்குப் பேஜ் நேரம்தான் கணக்கு.

எனக்குப் பார்க்க ஆசையாக இருப்பது உன் திட்டத்தில் இல்லவே இல்லை. பேஜில் கிளென் கேன்யன் அணை. பக்கத்திலேயே பாலம் இருக்கிறது, அதில் நின்றாலே போதும். 216 மீட்டர் உயரம். 1963இல் மதகை மூடினார்கள், ஏரி முதல்தடவை நிரம்ப 1980 ஆகிவிட்டது. பதினேழு வருஷம்! மேட்டூர் ஒரு வருஷம் 120 அடியைத் தொடாவிட்டால் நாம் என்ன பாடு பட்டோம் என்று யோசித்துப் பார். 1983இல் பனி உருகி வெள்ளம் வந்தபோது, உபரி நீர் போகும் சுரங்கங்களில் தண்ணீர் ஓடிய வேகத்தில் குமிழ்கள் உண்டாகி வெடித்து வெடித்தே கான்கிரீட்டைத் தின்றுவிட்டன. பின்னால் இருந்த மணற்பாறையும் போனது. மேலே ஷட்டர் உயரம் போதாமல் பிளைவுட் பலகை வைத்துத் தடுத்தார்கள், நம்புவாயா? வெளியே நின்று பார்த்தவனுக்கு அணை ஜம்மென்றுதான் இருந்திருக்கும். உள்ளே எவ்வளவு சேதம் என்று ஆள் இறங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் சுரங்கத்தில் காற்று நுழைய வழி செய்து சரிப்படுத்திவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அந்தக் கொலராடோ ஆற்றையும் நம்மைப் போலவே பேப்பரில் பங்கு போட்டவர்கள்தான். மைசூரும் சென்னையும் காவிரிக்குக் கையெழுத்துப் போட்டது 1924. அங்கே ஏழு மாநிலம் சேர்ந்து போட்டது 1922. நல்ல மழை பெய்த வருஷங்களைக் கணக்கில் வைத்துப் பங்கு போட்டுவிட்டார்கள், ஆறு அப்புறம் அவ்வளவு தண்ணீர் தரவில்லை. ஏரிக்கரைப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், பழைய நீர்மட்டம் அது. எனக்காக ஒரு போட்டோ எடு. ஹூவர் அணையும் வேகாஸ் பக்கத்தில்தான், ஆனால் அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

முன்பெல்லாம் ஐந்து நிமிஷம் பேசுவதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். இப்போது உனக்கு நடுப்பகலாக இருக்கும்போது கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறாய், நான்தான் முதலில் வைக்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் பேச்சில் ஊர், ரோடு, பாறை, இதைத் தவிர ஒன்றும் இல்லை.

கீழ்த்தெரு வாத்தியார் மகன் டெக்சாஸிலிருந்து வந்துவிட்டான். வேலை போனால் விசாவில் இருப்பவனுக்கு அந்த 60 நாள் கணக்கெல்லாம் உண்டு என்று அவன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறானாம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தப்பா அந்தக் காலத்தில் எட்டு மாசம் யாரிடமும் சொல்லாமல் தினமும் டிபன்பாக்ஸோடு கிளம்பிப் போனாரே, அதைத்தான் தாத்தாவால் கடைசி வரை தாங்க முடியவில்லை. வேலை போனதை அல்ல.

இந்த மாசம் பணம் அனுப்பாதே. பென்ஷன் உயர்ந்திருக்கிறது. அம்மா கண் ஆபரேஷன் செலவு இன்ஷூரன்ஸிலேயே முடிந்துவிட்டது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஏ.சி.யும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்பதற்காக.

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறை ஏறுவதற்கு 2022இலிருந்து குலுக்கலில்தான் பர்மிட். கிடைக்காவிட்டால் விட்டுவிடு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் வழியாம், அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கேபிடல் ரீஃபில் பழத்தோட்டம் இருக்கிறது, பழுத்த சமயமாக இருந்தால் நாமே பறித்துச் சாப்பிடலாமாம், அதைச் சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் ஓட்டாதே, மான் குறுக்கே வரும், மாடும் வரும். ஒவ்வொரு ஊரிலும் அறைக்குப் போனதும் ஒரு வரி அனுப்பு. சிக்னல் இல்லாத நாள் எது என்று முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிடு. தண்ணீர் நிரப்பாமல் கிளம்பாதே.

லாஸ் வேகாஸில் காரை ஒப்படைப்பதோடு உன் திட்டம் முடிகிறது. சாண்ட்லருக்கு எப்படித் திரும்புவாய் என்று அதில் இல்லை. அதற்கு மறுநாள் எங்கே இருப்பாய் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா