டிசம்பர் வேண்டாம், மார்ச்சுக்குப் பிறகு வாருங்கள்

அன்பு மகளுக்கு,

டிசம்பர் லீவில் மெல்பர்னிலிருந்து வந்து மாப்பிள்ளைக்கு நம் மலேசியாவின் மழைக்காட்டுப் பூங்காவான தாமான் நெகாராவில் புலி காட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். முதலில் மாதத்தை மாற்று. அது வடகிழக்குப் பருவமழை நேரம். தெம்பிலிங் ஆறு ஏறிவிடும், காட்டுப் பாதை முழுக்கச் சேறு. மார்ச்சுக்குப் பிறகு வாருங்கள்.

அப்புறம் அந்தப் புலி. மலேசியத் தீபகற்பம் முழுவதும் சேர்த்தே காட்டில் 150க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன. தாமான் நெகாராவோ பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர். ஜீப்பில் உட்கார்ந்து பார்க்க அது புல்வெளியும் இல்லை. இருபதடி தள்ளி யானை நின்றாலும் நமக்கு இலைதான் தெரியும்.

சரி, என்னதான் பார்ப்பது? பும்புனில் ஒரு ராத்திரி தங்குங்கள். உப்புமண் உள்ள வெட்டவெளியைப் பார்த்தபடி தூண்மேல் கட்டிய பலகைக் குடில் அது. இலைதழையில் போதாத உப்பைத் தேடி மானும், பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையும் உள்ள தாப்பிரும் இருட்டிய பிறகு அங்கே வரும். சத்தம் போடக் கூடாது. நாங்கள் போய்த் தங்கியபோது அப்பாவோ படுத்ததும் குறட்டை! எலி வந்து பிஸ்கட் பையைக் கடித்தது தவிர நான் ஒன்றும் பார்க்கவில்லை.

ஆனால் காலையில் படகுக்குத் திரும்பும் வழியில், ஈர மண்ணில் தாப்பிரின் கால்தடம். வழிகாட்டித் தம்பி குனிந்து காட்டினார்: முன்னங்காலுக்கு நான்கு விரல், பின்னங்காலுக்கு மூன்று. ஒன்றின் மேல் ஒன்று பதிந்து, விளிம்புகூட உதிராமல் இருந்தது. ராத்திரி மழை விட்ட பிறகுதான் போயிருக்கிறது என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புலியே வந்திருந்தாலும் இவ்வளவு நேரம் பார்த்திருப்பேனா தெரியாது. அந்த நேரம் பார்த்து மேலே இருவாட்சி ஒன்று பறந்தது. இறக்கைச் சத்தம் பழைய ரயில் மூச்சு வாங்குகிற மாதிரி. அண்ணாந்து பார்ப்பதற்குள் போய்விட்டது.

மரங்களுக்கு நடுவே தொங்குபாலம் இருக்கிறது, போட்டோவுக்கு நல்லது. அட்டை கட்டாயம் ஏறும். நீளக் காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளச் சொல், மாப்பிள்ளை அரைக்கால் சட்டையில் வந்து நிற்கப் போகிறார்.

பும்புனுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், அதனால் தேதியைச் சீக்கிரம் சொல். அப்பாவும் வருவேன் என்கிறார். அவருக்குப் பூங்கா வாசலில் இருக்கும் குவாலா தாஹானில் விடுதி அறை எடுத்துவிடலாம்.

அம்மா